ஒரே புரோட்டோகால் டெம்ப்ளேட்: எதைப் பூட்டி வைப்பது, எதைத் திறந்து விடுவது?

(இது ஒரு விவாதம். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

வரைவுமேசை

பல துறைகள் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் ட்ரையல்களுக்குப் பொதுவான ஒரு புரோட்டோகால் (ஆய்வை எப்படி நடத்துவது என்று சொல்லும் திட்ட ஆவணம்) டெம்ப்ளேட் உருவாக்கும் வேலை தொடங்கியிருக்கிறது. இவை ஆய்வாளர்கள் தாங்களே முன்னெடுப்பவை. மருந்து, மருத்துவச் சாதனம், உடற்பயிற்சி, ஆலோசனை என எல்லா வகைத் தலையீடுகளும் இதில் வரும். இப்போதைக்கு ஒவ்வொரு துறையும் பழைய புரோட்டோகால் ஒன்றை எடுத்துப் பெயரையும் மருந்தையும் மாற்றி எழுதுகிறது. ஒரு ஆய்வின் விலக்கல் நிபந்தனை, தொடர்பே இல்லாத இன்னொரு ஆய்வில் ஒட்டிக்கொண்டு வருவது இதனால்தான்.

ஸ்பிரிட் 2025, ஐசிஎச் (மருந்து விதிகளை நாடுகளிடையே ஒத்திசைக்கும் அமைப்பு) தரும் எம்11, அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களும் (என்ஐஎச்) உணவு மருந்து நிர்வாகமும் (எஃப்டிஏ) 2017-இல் வெளியிட்ட டெம்ப்ளேட் ஆகிய மூன்றும் கையில் இருக்கின்றன. கேள்விகள்: எதை முதுகெலும்பாக வைப்பது? நிலையான வாசகம் எவ்வளவு இருக்கலாம்? பிறகு திருத்தம் போட வைக்கும் இடங்களை டெம்ப்ளேட்டாலேயே எப்படி அடைப்பது?

ஏட்டுக்கட்டு

முதலில் ஸ்பிரிட்டையும் எம்11-ஐயும் பிரித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல.

ஸ்பிரிட் ஒரு சரிபார்ப்புப் பட்டியல். 2013-இல் 33 அம்சங்கள். 2025 பதிப்பில் 34. புரோட்டோகாலில் குறைந்தபட்சம் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லும், எந்தத் தலைப்பின் கீழ் என்று வற்புறுத்தாது. 2025-இல் திறந்த அறிவியல் என்ற தனிப் பகுதியும், ஆய்வை வடிவமைப்பதில் நோயாளிகளும் பொதுமக்களும் எப்படிப் பங்கெடுத்தார்கள் என்ற அம்சமும் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. பழைய பட்டியலை வைத்திருப்பவர்கள் இந்த இரண்டையும் தவறவிடுவார்கள்.

எம்11 வேறு வகை. வழிகாட்டி, டெம்ப்ளேட், தொழில்நுட்ப விவரக்குறிப்பு என்று மூன்று ஆவணங்கள் கொண்டது. 2022-இல் பொதுக் கருத்துக்காக வரைவு வந்தது. எந்தத் தகவல் எந்த இடத்தில், எந்த வடிவில் என்று அது சொல்கிறது. இன்னொரு பக்கம், 2025 ஜனவரியில் ஏற்கப்பட்ட ஐசிஎச் இ6 (ஆய்வுகளை முறையாக நடத்துவதற்கான வழிகாட்டி) மூன்றாம் திருத்தத்தின் பின்னிணைப்பு பி, புரோட்டோகாலில் இருக்க வேண்டியவற்றைச் சொல்கிறது.

என் பரிந்துரை: தலைப்பு வரிசைக்கு எம்11. ஸ்பிரிட்டின் 34 அம்சங்களையும் ஒரு அட்டவணையில் போட்டு, ஒவ்வொன்றும் டெம்ப்ளேட்டின் எந்தத் துணைப்பிரிவில் நிறைவேறுகிறது என்று எதிரே குறியுங்கள். எதிரே வெற்றிடம் இருந்தால் டெம்ப்ளேட்டில் ஓட்டை. ஒரே அம்சத்துக்கு எதிரே மூன்று பிரிவு எண்கள் இருந்தால் அது இன்னும் பெரிய ஆபத்து: ஒரே செய்தி மூன்று இடங்களில் எழுதப்பட்டு, ஒரு நாள் மூன்றும் மூன்று விதமாகச் சொல்லும்.

வாசகத்தை மூன்று வகையாகப் பிரியுங்கள். எல்லா ஆய்விலும் மாறாமல் வருவது பூட்டிய வாசகம். இரண்டு மூன்று மாற்றுகளில் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை நீக்குவது தெரிவு வாசகம். எழுதுபவருக்கு மட்டுமான குறிப்பு மூன்றாவது. இம்மூன்றுக்கும் வேர்டில் தனித்தனி ஸ்டைல் வேண்டும்; வெறும் நிறம் போதாது. ஸ்டைல் இருந்தால் இறுதி வடிவத்துக்கு முன் குறிப்பு வாசகம் முழுவதையும் ஒரே தேர்வில் பிடித்து நீக்கலாம். நிறத்தை மட்டும் நம்பினால், யாரோ நகலெடுத்து ஒட்டும்போது நிறம் போய்விடும், “இங்கே உங்கள் மக்கள்தொகையை விவரிக்கவும்” என்ற வரி அப்படியே எதிக்ஸ் கமிட்டிக்குப் போகும்.

எண்கணக்கு

புள்ளியியல் பக்கத்திலிருந்து. டெம்ப்ளேட்டில் மிக அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் நோக்கங்களும் எஸ்டிமாண்டும் (எந்தச் சிகிச்சை விளைவை மதிப்பிடப் போகிறோம் என்பதன் துல்லியமான வரையறை). “முதன்மை நோக்கம்: மருந்தின் திறனை மதிப்பிடுவது” என்று ஒரு வரி எழுத இடம் கொடுத்தால் எல்லோரும் அதையே எழுதுவார்கள். ஆகவே பத்தியாக இடம் விடாதீர்கள், அட்டவணையாக விடுங்கள்.

ஐசிஎச்சின் புள்ளியியல் வழிகாட்டியான இ9-இன் முதல் திருத்தமாக வந்த 2019 இணைப்பு எஸ்டிமாண்டுக்கு ஐந்து கூறுகளைச் சொல்கிறது: சிகிச்சை, மக்கள்தொகை, அளவிடும் மாறி, இடைநிகழ்வுகளை (சிகிச்சை தொடங்கிய பின் நடந்து, அளவீட்டையோ அதன் பொருளையோ பாதிப்பவை) கையாளும் முறை, மக்கள்தொகை அளவிலான சுருக்க அளவு. முதன்மை நோக்கத்துக்கு இந்த ஐந்தும் ஐந்து கட்டாயக் கட்டங்கள். இடைநிகழ்வுக் கட்டத்தில் மட்டும் உள்ளே ஒரு சிறு அட்டவணை போடுங்கள்: ஒவ்வொரு இடைநிகழ்வும் ஒரு வரி, எதிரே ஐந்து உத்திகளில் ஒன்று. மருந்தை நிறுத்திவிட்டார், மீட்பு மருந்து (ஆய்வுச் சிகிச்சை போதாதபோது கூடுதலாகக் கொடுப்பது) எடுத்துக்கொண்டார், இறந்துவிட்டார் ஆகிய மூன்று வரிகளையும் முன்கூட்டியே அச்சிட்டு விடுங்கள். பொருந்தாவிட்டால் அவர்கள் அடித்து நீக்கட்டும்.

மீட்பு மருந்தை எடுத்துக்காட்டாகப் பார்ப்போம். நோயாளி 6ஆம் வாரத்தில் மீட்பு மருந்து எடுத்தார், 12ஆம் வாரத்தில் வலி அளவு பதிவாகிறது. சிகிச்சைக் கொள்கை உத்தி என்றால் அந்த 12ஆம் வார அளவு அப்படியே பயன்படும். கூட்டு மாறி உத்தி என்றால் அவர் தோல்வியாகக் கணக்கில் வருவார். கற்பனைச் சூழல் உத்தி என்றால் அந்த அளவை ஒதுக்கிவிட்டு, மீட்பு மருந்து இல்லாமல் இருந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று புள்ளியியல் மாடல் வழியாகக் கணிக்க வேண்டும். மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். இது புரோட்டோகாலிலேயே முடிவாகாவிட்டால், “மருந்தை நிறுத்தியவர்களிடம் தரவு சேகரிப்பதையும் நிறுத்திவிட்டோம்” என்று களத்தில் நடந்துவிடும். பிறகு சிகிச்சைக் கொள்கை உத்தியில் பகுப்பாய்வு செய்யத் தரவே இருக்காது.

மாதிரி அளவுப் பகுதிக்கும் கட்டங்கள் தேவை: கட்டுப்பாட்டுக் குழுவில் எதிர்பார்க்கும் விகிதம், அதற்கான ஆதாரம், கண்டறிய விரும்பும் வேறுபாடு, அது மருத்துவ ரீதியாக ஏன் பொருட்படுத்தத் தக்கது, ஆல்ஃபா (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு), ஒரு பக்கமா இரு பக்கமா, பவர் (இருக்கும் வேறுபாட்டைக் கண்டறியும் வாய்ப்பு), சூத்திரம் அல்லது மென்பொருளும் அதன் பதிப்பும், பின்தொடர்பு இழப்பு.

சூத்திரத்தை ஏன் கேட்கிறேன்? 30 சதவீதத்தை 20 ஆகக் குறைப்பதைக் கண்டறிய, இரு பக்க 5 சதவீத ஆல்ஃபா, 80 சதவீத பவர் என்றால், தொகுக்காத மாறுபாட்டில் (இரு குழுக்களின் மாறுபாட்டையும் தனித்தனியே கணக்கிடுவது) ஒரு குழுவுக்கு 291 பேர். தொகுத்த மாறுபாட்டில் 294. இரண்டும் சரி. எது என்று எழுதாவிட்டால் சரிபார்ப்பவரால் அதே எண்ணுக்கு வர முடியாது.

அடுத்தது இழப்புக்கான கூட்டல். 20 சதவீதம் பேர் விலகுவார்கள் என்றால் 291-ஐ 1.2 ஆல் பெருக்கி 350 என்று எழுதுகிறார்கள். 350-இல் 20 சதவீதம் போனால் மிஞ்சுவது 280. தேவையோ 291. 0.8 ஆல் வகுக்க வேண்டும்: 364. குறிப்பு வாசகத்தில் இந்த ஒரு வரியைப் போட்டுவிட்டாலே திரும்பத் திரும்ப வரும் ஒரு பிழை நின்றுவிடும்.

ரேண்டமைசேஷன் (யாருக்கு எந்தச் சிகிச்சை என்று குலுக்கல் முறையில் ஒதுக்குவது) பகுதியில் பிளாக் அளவு, அதாவது எத்தனை பேருக்கு ஒருமுறை குழுக்கள் சமமாகும் என்று, கேட்கும் கட்டம் வைக்காதீர்கள். சேர்க்கை செய்பவர் அதைப் படித்தால், யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது மறைக்கப்படாத திறந்த ஆய்வில் பிளாக்கின் கடைசி ஒதுக்கீட்டை ஊகித்துவிடலாம். “பிளாக் விவரங்கள் சேர்க்கை செய்வோருக்குக் கிடைக்காத தனி ஆவணத்தில் உள்ளன” என்பதைப் பூட்டிய வாசகமாக வையுங்கள்.

விசிட்அட்டவணை

களத்தில் புரோட்டோகாலைப் படிப்பவர்கள் முதலில் திறப்பது, எந்த விசிட்டில் என்ன செய்வது என்று காட்டும் செயல்பாட்டு அட்டவணையைத்தான். பலர் அதை மட்டுமே அச்சிட்டுச் சுவரில் ஒட்டுகிறார்கள். ஆகவே அந்த அட்டவணை தனியாக நின்றாலும் பொருள் தர வேண்டும்.

நாள் எண்ணும் முறையை டெம்ப்ளேட்டே முடிவு செய்து பூட்டிவிடட்டும். முதல் டோஸ் கொடுத்த நாள் நாள் 1, அதற்கு முந்தைய நாள் நாள் −1, நாள் 0 கிடையாது. தரவுச் சமர்ப்பிப்புக்கான சிடிஸ்க் முறையும் இப்படித்தான் எண்ணுகிறது. இதைச் சொல்லாமல் விட்டால் “4ஆம் வார விசிட்” ஒரு மையத்தில் நாள் 28, இன்னொரு மையத்தில் நாள் 29. ரேண்டமைசேஷனும் முதல் டோஸும் ஒரே நாளில் நடக்காத ஆய்வுகளில் எது நாள் 1 என்பதற்குத் தெரிவு வாசகம் வேண்டும்.

விசிட் சாளரம், அதாவது விசிட் எத்தனை நாள் முன்பின் ஆகலாம் என்பது, அதைவிடக் கவனம் தேவைப்படுவது. ±3 நாள் என்று மட்டும் எழுதினால் எதிலிருந்து? 28 நாட்களுக்கு ஒரு விசிட், மொத்தம் 12. ஒவ்வொன்றையும் முந்தைய விசிட்டிலிருந்து எண்ணி, ஒவ்வொரு முறையும் 3 நாள் தாமதமானால், 12ஆவது விசிட் 336 நாட்களுக்குப் பதில் 372 நாட்கள் கழித்து வரும். யாரும் சாளரத்தை மீறவில்லை, ஆனால் நோயாளி ஐந்து வாரம் பிந்திவிட்டார், மருந்தும் தீர்ந்துவிடும். தொடக்கப் புள்ளியிலிருந்து எண்ணினால் அதிகபட்சம் 339. அட்டவணையின் தலைப்பு வரியிலேயே “சாளரம் நாள் 1-லிருந்து கணக்கிடப்படும்” என்று இருக்க வேண்டும். கீமோதெரபி போலச் சுழற்சி தள்ளிப்போகும் ஆய்வுகளில் முந்தைய டோஸிலிருந்து எண்ணுவதுதான் சரி. அதற்கு மாற்று வாசகம் வையுங்கள்.

அடிக்குறிப்புகளைக் கட்டுப்படுத்துங்கள். அட்டவணையில் வெறும் எக்ஸ் குறி, அதன் மேல் சிறு எழுத்து, கீழே இருபது அடிக்குறிப்பு என்றால், உண்மையான விதி அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கும். அடிக்குறிப்பில் வரக்கூடியவை நேரம், வரிசை, நிபந்தனை ஆகியவை மட்டுமே. புதிய செயல்முறை எதுவும் அடிக்குறிப்பில் பிறக்கக் கூடாது.

சேர்ப்பு, விலக்கல் நிபந்தனைகளுக்கும் ஒரு இலக்கணம் வையுங்கள்: அளவீடு, எல்லை, அலகு, கால வரம்பு, ஆதார ஆவணம். “சிறுநீரகச் செயல்பாடு போதுமானதாக இருக்க வேண்டும்” என்று யாராலும் எழுத முடியாதபடி இருக்க வேண்டும். கிரியேட்டினின் எல்லை 1.5 மில்லிகிராம்/டெசிலிட்டர் என்றால் பக்கத்திலேயே 133 மைக்ரோமோல்/லிட்டர் என்று இரண்டாம் அலகும். சிறுநீரகம் வடிகட்டும் வேகம் என்றால் காக்ராஃப்ட்–கால்ட்டா, சிகேடி–ஈபிஐ 2021-ஆ என்று சூத்திரத்தின் பெயரும். ஒரே நோயாளி ஒரு சூத்திரத்தில் தகுதி பெற்று இன்னொன்றில் தகுதி இழப்பது எல்லைக்கு அருகே சாதாரணம்.

இன்னொன்று: சேர்ப்பு நிபந்தனையின் எதிர்மறையை விலக்கலில் மீண்டும் எழுதத் தடை. “18 வயதும் அதற்கு மேலும்” என்று மேலே சொல்லிவிட்டு “18-க்குக் கீழ்” என்று கீழே எழுதுவதால் பயன் இல்லை. ஒரு திருத்தத்தில் மேலே மட்டும் வயதை மாற்றிக் கீழே மறந்துவிடுவார்கள்.

சிறுஆய்வு

ஒரு மறுப்பு. எம்11 மருந்து ஆய்வுகளை மனதில் வைத்துக் கட்டப்பட்டது. 60 பேரை வைத்து நடக்கும் ஒரு பிசியோதெரபி ஆய்வுக்கு 15 பக்கப் புரோட்டோகால் போதும். இந்த டெம்ப்ளேட்டில் அது 70 பக்கம் ஆகி, பாதி பக்கங்களில் “பொருந்தாது” என்று இருக்கும். நீளமான புரோட்டோகாலை யாரும் படிப்பதில்லை. மருந்துக்கு ஒன்று, சாதனத்துக்கு ஒன்று, நடத்தை சார்ந்த தலையீட்டுக்கு ஒன்று என்று மூன்று தனி டெம்ப்ளேட் வைப்பதே நேர்மையான தீர்வு என்று நினைக்கிறேன்.

ஏட்டுக்கட்டு

நீளம் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் மூன்று டெம்ப்ளேட் என்றால் பாதுகாப்பு அறிக்கைப் பகுதியில் ஒரு விதி மாறும்போது மூன்று கோப்புகளைத் திருத்த வேண்டும். ஓராண்டில் மூன்றும் விலகிப் போகும். ஒரே மையம், அதில் செருகும் தொகுதிகள் என்று கட்டுங்கள். முதல் இரண்டு நிலைத் தலைப்புகள் எல்லா ஆய்வுக்கும் ஒன்று, அவற்றை யாரும் நீக்கவோ வரிசை மாற்றவோ கூடாது. மூன்றாம் நிலைக்குக் கீழே தொகுதிக்கு ஏற்ப மாறலாம்.

தலையீட்டு விவரம்தான் முக்கியத் தொகுதி. மருந்து என்றால் டோஸ், வழி, இடைவெளி, டோஸ் குறைக்கும் விதி, சேமிப்பு வெப்பநிலை, மருந்து இருப்புக் கணக்கு ஒப்படைப்பு. பிசியோதெரபி என்றால் அவற்றில் பெரும்பாலானவை வேண்டாம். அதற்குப் பதில் தலையீட்டை விவரிப்பதற்காக 2014-இல் வந்த டிடியர் பட்டியலின் 12 அம்சங்கள் இருக்கின்றன: யார் கொடுக்கிறார், என்ன பயிற்சி பெற்றவர், எங்கே, எத்தனை அமர்வு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், தனிநபருக்கு ஏற்ப எதை மாற்றலாம், சொன்னபடி நடந்ததா என்று எப்படி அளப்பது. உங்கள் 60 பேர் ஆய்வில் மிகவும் அவசியமான பகுதி இதுதான். இப்போதைய 15 பக்கப் புரோட்டோகால்களில் பெரும்பாலும் “வழக்கமான பயிற்சிகள் வழங்கப்படும்” என்று ஒரே வரியில் முடிந்துவிடுவதும் இதுவே.

“பொருந்தாது” என்பதற்கு எதிரே ஒரு வரிக் காரணத்தையும் கேளுங்கள். “இடைக்காலப் பகுப்பாய்வு: இல்லை; சேர்க்கை முடிந்த பிறகே முதன்மை விளைவு கிடைக்கும்” என்பது தகவல். வெறும் “பொருந்தாது” என்பது, யோசித்தார்களா தவிர்த்தார்களா என்றே தெரியாத வெற்றிடம்.

சிறுஆய்வு

தொகுதி முறை ஏற்கத்தக்கது, மைய வாசகம் 20 பக்கத்துக்குள் நிற்குமானால்.

பாதகநிகழ்வு

பாதுகாப்புப் பகுதிக்கு வருகிறேன். நிலையான வாசகம் அதிகம் தாங்கக்கூடிய இடம் இது. ஆனால் நான்கு கேள்விகளுக்கு ஒவ்வொரு ஆய்வும் தானே பதில் சொல்ல வேண்டும்.

பாதக நிகழ்வுகளைப் பதிவு செய்வது எப்போது தொடங்குகிறது: ஒப்புதல் கையெழுத்திலிருந்தா, முதல் டோஸிலிருந்தா? எப்போது முடிகிறது? 30 நாள் என்று பழக்கத்தில் எழுதாமல், மருந்து உடலில் தங்கும் காலத்தோடு பொருத்த வேண்டும். எந்த அளவுகோல், எந்தப் பதிப்பு? சிடிசிஏஇ (பாதக நிகழ்வுகளின் கடுமையைத் தரம் பிரிக்கும் அளவுகோல்) என்று மட்டும் எழுதினால் நீண்ட ஆய்வின் நடுவே புதிய பதிப்பு வந்து இரண்டு மையங்கள் இரண்டு விதமாகத் தரம் பிரிக்கும், “பதிப்பு 5.0, ஆய்வு முடியும் வரை இதுவே” என்று பூட்டுங்கள். முதன்மை விளைவாகவே எண்ணப்படும் நிகழ்வுகளைத் தனி எஸ்ஏஇ (தீவிர பாதக நிகழ்வு) அறிக்கையாகவும் அனுப்ப வேண்டுமா? மாரடைப்பை அளக்கும் ஆய்வில் ஒவ்வொரு மாரடைப்புக்கும் விரைவு அறிக்கை போனால் யாருக்கு எந்தச் சிகிச்சை என்ற மறைப்பே உடையலாம்.

தரமும் எஸ்ஏஇ தகுதியும் வெவ்வேறு என்பதைக் குறிப்பு வாசகத்தில் ஒரு எடுத்துக்காட்டோடு எழுதுங்கள். ஆய்வகத் தாளில் மட்டும் தெரியும் தரம் 3 நியூட்ரோஃபில் குறைவு எஸ்ஏஇ ஆகாமல் போகலாம். தரம் 2 காய்ச்சல் மருத்துவமனையில் சேர்க்க வைத்தால் எஸ்ஏஇ.

கால வரம்புகளைப் பூட்டலாம். ஆய்வாளர் அறிந்ததும் உடனே, அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் ஸ்பான்சருக்கு (ஆய்வுக்குப் பொறுப்பேற்கும் அமைப்பு அல்லது நபர்) என்பது பரவலான நடைமுறை. ஸ்பான்சரிடமிருந்து ஒழுங்குமுறை அமைப்புக்கு, 1994-இன் ஐசிஎச் இ2ஏ வழிகாட்டிப்படி, எதிர்பாராத தீவிர மருந்து எதிர்விளைவு உயிரிழப்போ உயிராபத்தோ என்றால் 7 நாட்காட்டி நாட்களில் முதல் தகவல், அடுத்த 8 நாட்களுக்குள் முழு அறிக்கை. மற்றவை 15 நாட்களில். நாட்டு விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுவே மேலோங்கும் என்ற வரியையும் சேருங்கள். கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதை விட்டுவிடாதீர்கள்: நிகழ்வு நடந்த நேரம் அல்ல, அறிந்த நேரம்.

ஒப்புதல்பக்கம்

எதிக்ஸ் கமிட்டி பார்வையில் இரண்டு.

மருந்தை நிறுத்துவதும் ஆய்விலிருந்து விலகுவதும் தனித்தனித் துணைப்பிரிவாக வேண்டும். “நோயாளி எப்போது வேண்டுமானாலும் விலகலாம்” என்ற ஒற்றை வாக்கியம் போதாது. படிநிலைகளை வரிசையாகக் கொடுங்கள்: மருந்து மட்டும் வேண்டாம், விசிட்டுக்கு வருகிறேன்; விசிட்டும் வேண்டாம், தொலைபேசியில் கேளுங்கள்; தொடர்பே வேண்டாம், மருத்துவப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்; எதுவும் வேண்டாம். அதுவரை சேர்ந்த தரவும் மாதிரிகளும் என்னாகும் என்பதும் அங்கேயே. ஒப்புதல் படிவத்திலும் இதே படிகள் வர வேண்டும். எண்கணக்கு சொன்ன விடுபட்ட தரவுச் சிக்கலில் பாதி இங்கேதான் தீர்கிறது.

இரண்டாவது, புரோட்டோகாலுக்குள் வரக் கூடாதவை. மையங்களின் பட்டியல், தொலைபேசி எண்கள், ஆய்வக முகவரி, கண்காணிப்பாளர் பெயர், மாதிரிக் குழாயின் தயாரிப்பாளர் போன்றவற்றை நிர்வாக இணைப்புக்குத் தள்ளுங்கள். ஒரு தொலைபேசி எண் மாறியதற்காகத் திருத்தம் போட்டு, எல்லா மையமும் மறு அனுமதிக்குக் காத்திருப்பது தேவையே இல்லாத வலி. அதேபோல் ரத்தம் எடுத்துச் சுழற்றி உறைய வைக்கும் படிகள் ஆய்வகக் கையேட்டில். மொத்த ரத்த அளவு மட்டும் புரோட்டோகாலில், ஏனென்றால் அது நோயாளியைத் தொடும் விஷயம்.

தரவுப்புலம்

ஒரு தகவல், ஒரு இடம். மேலே எல்லோரும் சுற்றிச் சுற்றி வருவது இதற்குத்தான்.

வேர்டிலேயே இதைச் செய்யலாம். ஆய்வுத் தலைப்பு, பதிப்பு எண், தேதி, மாதிரி அளவு, முதன்மை விளைவு, சிகிச்சைக் காலம் ஆகியவற்றை உள்ளடக்கக் கட்டுப்பாட்டுப் புலங்களாக்கி ஆவணப் பண்புகளோடு பிணையுங்கள். சுருக்கத்தில் ஒருமுறை மாற்றினால் ஆவணத்தின் மற்ற பகுதிகளிலும் மாறும். சுருக்கம் 364 என்றும் புள்ளியியல் பகுதி 350 என்றும் சொல்வது அத்தோடு நிற்கும். பிரிவுக் குறிப்புகளைக் கையால் தட்டாமல் குறுக்குக் குறிப்பாகச் செருகுங்கள். பிடிஎஃப் ஆக்கும் முன் முழு ஆவணத்தையும் தேர்ந்து எஃப்9 விசையை அழுத்திப் புலங்களைப் புதுப்பியுங்கள். பிறகு உடைந்த குறிப்புகளுக்கான பிழைச் செய்தி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். புலங்கள் சில சமயம் தலைப்புப் பட்டையிலும் அடிப்பட்டையிலும் தானாகப் புதுப்பிக்காது, அங்கே தனியாகப் பார்க்க வேண்டும்.

புலங்களின் பெயர்களை எம்11 தொழில்நுட்ப விவரக்குறிப்பில் உள்ளபடியே வையுங்கள். இன்று அது வேர்ட் கோப்புதான்; நாளை கிளினிக்கல் ட்ரையல் பதிவேட்டுக்கோ தரவு சேகரிப்பு மென்பொருளுக்கோ அனுப்ப வேண்டியிருந்தால் பெயர் பொருத்தும் வேலை மிச்சம். உலக சுகாதார நிறுவனத்தின் பதிவுத் தரவுத் தொகுப்பில் உள்ள 24 அம்சங்களையும் முதல் பக்க அட்டவணையாக வைத்தால், பதிவேட்டை நிரப்புபவர் புரோட்டோகாலுக்குள் தேட வேண்டியதில்லை. பதிவேட்டில் ஒரு முதன்மை விளைவு, புரோட்டோகாலில் இன்னொன்று என்ற முரண்பாட்டுக்கும் இடமில்லை.

வரைவுமேசை

இவ்வளவையும் சேர்த்தபின் டெம்ப்ளேட் வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? குழுவில் சுற்றுக்கு விட்டுக் கருத்துக் கேட்டால் காற்புள்ளித் திருத்தங்கள்தான் வருகின்றன.

விசிட்அட்டவணை

படிக்கச் சொல்லாதீர்கள், பயன்படுத்தச் சொல்லுங்கள். முடிந்துபோன மூன்று ஆய்வுகளின் புரோட்டோகால்களை எடுத்துப் புதிய டெம்ப்ளேட்டில் ஊற்றுங்கள்: ஒரு மருந்து, ஒரு சாதனம், ஒரு நடத்தைத் தலையீடு. வைக்க இடமில்லாத வாசகத்தையும், நிரப்பத் தகவல் கிடைக்காத கட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த ஆய்வுகளின் திருத்த வரலாற்றை எடுத்து, ஒவ்வொரு திருத்தத்துக்கும் எதிரே கேளுங்கள்: இந்த டெம்ப்ளேட் இருந்திருந்தால் எந்தக் கட்டம் இதை முன்பே கேட்டிருக்கும்? எதுவும் இல்லையென்றால் அங்கே ஒரு கேள்வி சேருங்கள்.

அதன்பின், நிரப்பிய ஒரு புரோட்டோகாலை இரண்டு ஒருங்கிணைப்பாளர்களிடம் தனித்தனியே கொடுத்து, ஒரு கற்பனை நோயாளிக்கு எல்லா விசிட் தேதிகளையும் எழுதச் சொல்லுங்கள். பத்துக் கற்பனை நோயாளிகளின் விவரத்தையும் கொடுத்துத் தகுதியா இல்லையா என்று கேளுங்கள். இருவரின் விடையும் எங்கே வேறுபடுகிறதோ அங்கே வாசகம் தெளிவில்லை.

எண்கணக்கு

அதே சோதனை புள்ளியியலுக்கும். மாதிரி அளவுப் பகுதியை மட்டும் வெளியாள் ஒருவரிடம் கொடுங்கள். அதே எண்ணுக்கு வருகிறாரா பாருங்கள்.

வரைவுமேசை

டெம்ப்ளேட்டே பதிப்பு மாறும்போது, நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளைப் புதிய வடிவுக்கு மாற்ற வேண்டுமா?

ஏட்டுக்கட்டு

வேண்டாம். வடிவத்துக்காக ஒரு ஆய்வைத் திருத்தினால் உள்ளடக்கம் அறியாமலே நகரும், கமிட்டி முழு ஆவணத்தையும் மீண்டும் படிக்க வேண்டிவரும். அனுமதி பெற்ற ஆய்வு தன் பழைய டெம்ப்ளேட்டிலேயே முடியட்டும். அடிப்பட்டையில் புரோட்டோகால் பதிப்பு எண்ணோடு டெம்ப்ளேட் பதிப்பு எண்ணையும் தனியாக அச்சிடுங்கள். விதிவிலக்கு ஒன்று: புதிய பதிப்பு பாதுகாப்பு விதி ஒன்றை மாற்றியிருந்தால், அந்தப் பிரிவை மட்டும் முறையான திருத்தமாக எடுத்துச் செல்லுங்கள், பழைய வாசகம், புதிய வாசகம், காரணம் என்று மூன்று நெடுவரிசை அட்டவணையோடு.